ஏ.ஓ. ஹியூம்: காங்கிரஸைத் தொடங்கியவர் ஊர் ஊராகப் பறவைக் குறிப்பு திரட்டியது எப்படி?

பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் ஒரே வரியில் முடிந்துவிடுவார்: 1885-ல் காங்கிரஸ் உருவாகக் காரணமான வெள்ளைக்காரர். ஆனா அதற்கு முன்பே அவர் இன்னொரு பெரிய வேலையைச் செய்திருந்தார். நாடு முழுக்க ஆட்களைப் பிடித்து, பறவைகளைப் பற்றி எழுதி அனுப்ப வைத்தார். இன்று ஆனேக்கல் தாலுகாவின் பன்னேர்கட்டா காட்டோரம் பைனாகுலரோடு நின்று, செல்போனில் இ-பேர்டு பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒருவகையில் அவர்தான் மூத்தவர்.

1829-ல் பிறந்த ஹியூம், 1849-ல் இந்தியா வந்து எட்டாவாவில் அதிகாரியானார். அதுவரை சேர்த்த பறவைகளெல்லாம் 1857 கிளர்ச்சியில் போய்விட்டன. மறுபடி தொடங்கினார். 1867-ல் சுங்க ஆணையரானதும் உப்புக் கடத்தலைத் தடுக்கும் பிரம்மாண்ட முள்வேலியை ஒட்டி ஊர் சுற்றும் வேலை. போகிற இடமெல்லாம் பறவைதான்.

தனி ஆளாக இத்தனை பெரிய நாட்டைப் பார்த்து முடிக்க முடியாது, இல்லையா? 1872-ல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். ராணுவத்தினர், வனத்துறையினர், தோட்ட முதலாளிகள் எனப் பலரும் எழுதினார்கள். நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து மார்கரெட் காக்பர்ன் கூடுகள், முட்டைகள் பற்றிய விவரங்களை அனுப்பினார். என்ன பறவை, எங்கே, எந்தத் தேதியில் என்று குறித்து வைப்பதுதான் அடிப்படை. இன்றைய செயலியும் முதலில் கேட்பது இதையேதான்.

ஒரு குறை உண்டு. எழுதியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். பறவையைப் பிடித்துத் தந்த, தோலுரித்துப் பதப்படுத்திய உள்ளூர்க்காரர்களின் பெயர்கள் அபூர்வமாகவே பதிவாகின. அன்றைக்குப் பதிவு என்றாலே துப்பாக்கியும்தான்.

1879-ல் அரசுச் செயலர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். பெரிய அடி அதற்குப் பிறகுதான் வந்தது. இந்தியப் பறவைகள் பற்றிய பெரும் நூலுக்காக சிம்லா வீட்டில் வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் ஊரில் இல்லாத நேரத்தில் வேலைக்காரர் ஒருவர் எடுத்துக் கடைத்தெருவில் பழைய காகிதமாக விற்றுவிட்டார். சுமார் 25 வருட உழைப்பு. பேக்கப் கிடையாது! டேட்டா வேலை பார்க்கிறவர்களுக்கு இதைக் கேட்டாலே வயிறு கலங்கும்.

ஹியூம் மனம் விட்டுப்போனார். 1885-ல் சுமார் 82,000 பறவைத் தோல்களையும் முட்டைகளையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனா மற்றவர்கள் எழுதியது அச்சில் இருந்ததால் தப்பியது. ஒரு பறவை எங்கெல்லாம் இருந்தது என்று தெரிந்தால்தானே, இப்போது எங்கே காணோம் என்று சொல்ல முடியும்? இமயமலைக் காடை ஓர் உதாரணம். 1876-க்குப் பிறகு அதற்கு உறுதியான பதிவே இல்லை. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையும் இதே வழியில் போனதுதான். சுமார் 30,000 பேர் தந்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது.

ஹியூம் அதன்பின் பறவைகள் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. இங்கிலாந்து போய்ச் செடிகளைச் சேகரித்தார். 1910-ல் தெற்கு லண்டனில் தாவரவியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். இரண்டே வருடத்தில், 1912 ஜூலை 31 அன்று இறந்தார்.