எதிராளி வராததால் கிடைத்த பெல்ட்... யார் இந்த 'கிரேட் காமா'?

ஃபைனலுக்கு எதிராளி வரவே இல்லை. அதனால ஒருத்தர் உலக சாம்பியன் ஆனார். 1910-ல் லண்டனில் நிஜமா நடந்தது இது.

அந்த சாம்பியன், பஞ்சாபி பயில்வான் குலாம் முகமது பக்‌ஷ். சுருக்கமா, காமா.

லண்டன் போட்டியில் முதலில் அவரைச் சேர்த்துக்கவே இல்லை. காரணம், உயரம் பத்தாதாம். சும்மா விடுவாரா? எந்த எடைக்காரரா இருந்தாலும் சரி, 30 நிமிஷத்தில் மூணு பேரைச் சாய்ப்பதாகச் சவால் விட்டார். அமெரிக்க வீரர் பெஞ்சமின் ரோலரைத் தோற்கடித்ததும் கதவு திறந்தது.

'ஜான் புல்' உலக சாம்பியன் பெல்ட்டுக்கான மோதல் செப்டம்பர் 10-ல். எதிரில் போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. அவர் தரையோடு ஒட்டிப் படுத்துத் தற்காப்பிலேயே இருந்தார். இரண்டரை மணி நேரம் தாண்டியும் முடிவில்லை, டிரா. ஒரு வாரம் கழித்து மறுபடி மோதணும். ஸ்பிஸ்கோ வரலை. பெல்ட் காமாவுக்கு.

ஆனா ஒரு சிக்கல். பெல்ட் கிடைச்சாச்சு, ஸ்பிஸ்கோவை இன்னும் சாய்க்கலையே? அப்போது உலக சாம்பியனாகக் கொண்டாடப்பட்ட அமெரிக்காவின் ஃபிராங்க் காட்ச்சும் காமாவுடன் கடைசி வரை மோதவே இல்லை.

18 வருஷம் கழித்து, 1928-ல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோ மறுபடி எதிரில் நின்றார். காமாவுக்கு ஐம்பது வயசு நெருங்கியிருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகலை, ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணைத் தொட்டது. பாக்கி இருந்த கணக்கு அன்றைக்குத்தான் தீர்ந்தது.

பிரிவினைக்குப் பிறகு லாகூரில் வாழ்ந்தார் காமா. கடைசிக் காலத்தில் நோயும் பணக்கஷ்டமும்தான் கூட இருந்தன. 1960 மே மாதம் அங்கேயே காலமானார்.