கேதேயின் முதற் பாவை

சில திங்களுக்கு முன்னர் எங்கள் கல்லூரி மாணவர் நால்வர் என்பால் வந்து, ஓய்வு வேளையிற் பாவைக்கூத்துப் பயில விரும்புவதாகவும், தொடக்கத்திற்கு ஏற்ற பாவை எத்தகையது, அதனை எவ்வாறு பெறலாம் என்பதை அறிய விழைவதாகவும் கூறினர். நன்னூல் படிப்பிக்கும் பண்டிதரிடம் கேட்கத்தக்க வினாவோ இது என்று அருகிருந்த நண்பர் ஒருவர் நகைத்தார். எனக்கு நகை தோன்றவில்லை. ஜேர்மனிய மொழியின் தலையாய புலவராகிய கேதே தமது முதற் பாவையைப் பெற்ற வரலாறே நினைவில் எழுந்தது. அன்று அவர்களுக்குச் சுருங்கச் சொன்னதை இங்கே சிறிது விரித்து எழுதுகின்றேன்.

யோகான் வொல்வ்காங் கேதே 1749 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 28 ஆம் நாள் மைன் ஆற்றங்கரையிலுள்ள பிராங்க்பேர்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் யோகான் காஸ்பர் சட்டம் கற்றவர். பேரரசின் ஆலோசகர் என்னும் பட்டம் பெற்றிருந்தாரேயன்றி அதற்குரிய அலுவல் எதனையும் பார்த்தாரல்லர். செல்வம் இருந்தது, நல்ல நூல்நிலையம் இருந்தது, மிகுந்த ஓய்வும் இருந்தது. ஆகவே தம் மக்களுக்குத் தாமே ஆசிரியரானார். ஒழுங்கிற் கண்டிப்பானவர், தொடங்கிய பாடத்தை முடியாமல் விடாதவர். தாயார் கத்தரீனா எலிசபெத், நகரின் தலைமை நீதிபதியாகிய தெக்ஸ்ற்றர் என்பாரின் மகள். மகன் பிறந்தபோது அவருக்கு வயது பதினெட்டே. கதை சொல்வதில் வல்லவர். கதையைப் பாதியில் நிறுத்தி, மறுநாள் தொடர்வதாகச் சொல்லி, மைந்தன் உள்ளத்தில் ஆவலை மூட்டுபவர். தந்தையின் ஒழுங்கும் தாயின் கதையும் ஒரே இல்லத்தில் அமைந்தமை அம்மைந்தனின் நற்பேறு எனலாம். ஆயினும் நம் வரலாற்றுக்கு முதன்மையானவர் அவ்விருவருமல்லர். அவ்வில்லத்தின் பின்புறத்துப் பெரிய அறையொன்றில் வாழ்ந்த பாட்டியாரே.

கொர்னேலியா என்னும் அப்பாட்டியார் தந்தையைப் பெற்றவர். அவர் கணவர் தையற்கலைஞராக அந்நகருக்கு வந்து குடியேறியவர். கைம்பெண்ணாய் விடுதி நடத்தி வந்த கொர்னேலியாவை மணந்தபின் விடுதித் தொழிலிற் பொருளீட்டினார். அவரும் 1730 இல் மறைந்தார். தந்தையாருடைய பட்டமும் நூல்நிலையமும் ஊசியும் விடுதியும் தேடித் தந்த செல்வத்தின்மேல் நின்றவை என்பதை மறத்தலாகாது. வீடோ பழையது, இரண்டு வீடுகளை இடையே சுவர் இடித்து இணைத்து ஒன்றாக்கியது. அறைக்கு அறை தரை உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும். படியேறியும் இறங்கியும் செல்லல் வேண்டும். இருள் மூலைகள் பல. அந்த வீட்டிற் குழந்தைகள் அச்சமின்றி விளையாடிய இடம் பாட்டியாரின் நாற்காலியைச் சுற்றியதே. அவர் நோயுற்றுக் கிடந்த நாளிலும் கட்டிலைச் சுற்றியே விளையாடினர். மெலிந்த உடலும், வெண்மையான தூய உடையும், சினமறியாத முகமும் உடையவராகவே முதுமையிலும் கேதே அவரை நினைவுகூர்ந்தார்.

1753 ஆம் ஆண்டு நத்தார் இரவில், பேரனுக்கு நான்கு வயது நிரம்பி நான்கு திங்கள் ஆகியிருந்த வேளையில், அப்பாட்டியார் குழந்தைகளுக்குப் பாவைக்கூத்து ஒன்றினைக் காட்டுவித்தார். ஒரு சிறு மேடை, ஒரு திரை, அதனுள்ளே அசையும் சில பாவைகள், அவ்வளவே. பழைய வீட்டுக்குள் புதியதோர் உலகம் பிறந்துவிட்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்திற் பாட்டியார் இறந்தார். அவர் கையால் அவ்வீட்டார் பெற்ற கடைசிக் கொடை அந்தப் பாவைமேடை.

இங்கே ஆசிரியத் தொழில் புரிவோர் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. முதலிற் பாவைமேடை குழந்தைகளுக்குப் பார்வைப் பொருளாகவே இருந்தது. பெரியோர் ஆட்டுவர், சிறியோர் காண்பர். பின்னரே அது அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது. கண்டு களித்தலோடு நின்றிருந்தால் அது ஒரு நத்தார் இரவின் இனிய நினைவாய் முடிந்திருக்கும். கைக்கு வந்தபின்னரே அது தொழிற்படத் தொடங்கியது.

பார்த்தலுக்கும் ஆட்டுதலுக்கும் இடைப்பட்ட அந்தத் தவிப்பினைக் கேதே தமது வில்கெல்ம் மைஸ்ற்றர் என்னும் புதினத்தில் விரித்துரைத்திருக்கின்றார். புதினத்துச் செய்தி முழுவதையும் வாழ்க்கைச் செய்தியாகக் கொள்ளுதல் பிழை. எனினும் அப்பகுதியிற் சொந்த அனுபவத்தின் சூடு தெரிகின்றது. அங்கே கூத்து, விவிலிய நூலிற் காணும் தாவீது, கோலியாத்து என்போரின் போர். முதல் நாள் வியப்போடு கண்ட சிறுவன், அடுத்த முறை வியப்படங்கி, இது எவ்வாறு நிகழ்கின்றது என்று ஆராயத் தலைப்படுகின்றான். திரையின் கீழ் விளிம்பை மெல்ல உயர்த்தி நோக்குகின்றான். சற்றுமுன் ஒருவரையொருவர் கொல்ல முனைந்த பகைவரும் நண்பரும், அரசனும் அரக்கனும், ஒரே இழுப்பறைப் பெட்டியில் அடுக்கிவைக்கப்படுவதைக் காண்கின்றான். மற்றொரு குழந்தைக்கு மயக்கம் அங்கே தெளிந்துபோயிருக்கும். இச்சிறுவனுக்கோ ஆசை பன்மடங்காயிற்று. மயங்குவோருள் ஒருவனாகவும் மயக்குவோருள் ஒருவனாகவும் ஒருங்கே இருக்க விரும்பினான். நாடகக் கலையின் இயல்பை இதனினும் எளிதாய் விளக்கிய இலக்கண நூலை நான் கண்டதில்லை.

பின்னர் ஒருநாள் தாயார் உணவுப் பண்டங்களைப் பூட்டிவைக்கும் அறை திறந்து கிடக்க, உலர்ந்த பழங்களின் மணத்திடையே அப்பாவைகளையும் கூத்தின் கையெழுத்துப் படியையும் சிறுவன் கண்டெடுக்கின்றான். ஏட்டைக் கவர்ந்து சென்று உரை முழுவதையும் மனனம் செய்கின்றான். அதனாலேயே பாவையைத் தொடும் உரிமை பெறுகின்றான். முதல் ஆட்டத்தில் யோனத்தான் என்னும் பாவை கைநழுவிக் கீழே விழ, அதனை எடுக்க அவனது பெரிய கை மேடைமேல் வருகின்றது, அவையோர் நகைக்கின்றனர், சிறுவன் வருந்துகின்றான். பாவை கூட்டத் தொடங்குவோர்க்கெல்லாம் நேர்வதே இது. மேடைமேல் ஒரு கை தோன்றியவுடன் பாவை மரமாகிவிடுகின்றது. நாணில்லாதாரை நாணால் இயங்கும் மரப்பாவைக்கு ஒப்பிட்ட வள்ளுவரும் இந்நுட்பத்தை அறிந்தவரே. ஆனால் அவர் கண்டது உயிருள்ளதுபோல் ஏமாற்றும் பொய்ம்மையை. குழந்தை காண்பதோ பொய்யென்று தெரிந்தும் உடன்பட்டு மகிழும் மெய்ம்மையை.

இனிப் புதினத்தை விடுத்து வாழ்க்கைக்கு மீள்வோம். 1755 இல் தந்தையார் வீட்டைப் புதுக்கிக் கட்டினார். பாவைமேடை கைவிடப்படவில்லை. முதலிற் கொடுத்த கூத்தை ஆடியாடிக் குழந்தைகளுக்குச் சலித்தது. உடையை மாற்றினர், காட்சித் திரையை மாற்றினர், அச்சிறுமேடை தாங்காத பெருநாடகங்களையும் அதில் ஆட முனைந்தனர். தந்தையார் கற்பித்த கவராயமும் அளவுகோலும் கேதேயின் கையில் அட்டை வேலைக்குப் பயன்பட்டன. கற்ற வடிவியலை உடனே ஏதேனும் செய்துபார்க்கப் பயன்படுத்தியது அப்பிள்ளையின் இயல்பு. தையற்றொழில் அறிந்த பணியாளன் ஒருவன் வீட்டில் இருந்தான். அவனுடைய துணைகொண்டு கேடயம், வாள், தலைச்சீரா முதலியவற்றைச் செய்து ஓர் ஆயுதசாலையே அமைத்தனர். அவை பாவைகளுக்கல்ல, குழந்தைகள் தாமே ஆடுதற்கு. பாவைகளினும் அவர்கள் உயரமாக வளர்ந்துவிட்டனர். 1759 இற் பிரெஞ்சுப் படை நகரைக் கைப்பற்றியபோது அதனோடு பிரெஞ்சு நாடகக் குழுவும் வந்தது. பாட்டனார் கொடுத்த இலவசச் சீட்டோடு, தந்தையார் விரும்பாமலும் தாயார் பரிந்து பேசவும், பத்து வயதுச் சிறுவன் அரங்கிலேயே பொழுதைக் கழித்தான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது ஒரு பெரியோரின் குழந்தை விளையாட்டு என்ற அளவில் நிற்கும். ஆனால் பாவைக்கூத்து அவரிடம் மீண்டும் வந்தது. இம்முறை பெரியதொரு பொருளைச் சுமந்து வந்தது. மந்திரவாதி பௌஸ்ற்றின் கதை 1587 இற் பிராங்க்பேர்ட்டிலேயே அச்சாகி வெளிவந்த ஒரு மக்கள் நூலால் எங்கும் பரவியது. அதனை ஆங்கிலப் புலவர் மார்லோ நாடகமாக்கினார். ஆங்கில நாட்டு ஊர்சுற்றி நடிகர் அந்நாடகத்தை ஜேர்மனியிற் கொண்டுவந்து ஆடினர். காலப்போக்கில் அது சந்தைகளிற் பாவைக்கூத்தாகத் தாழ்ந்தது. தாழ்ந்தது என்று கற்றோர் சொல்வர். தப்பிப் பிழைத்தது என்று நான் சொல்வேன். லைப்சிக் நகரின் பேராசிரியர் கொற்செட்டு அரங்கைச் சீர்திருத்த முனைந்த காலம் அது; 1737 இல் கோமாளிப் பாத்திரத்தை மேடையினின்றும் வெளியேற்றும் சடங்கே அங்கு நிகழ்ந்தது. அரங்கிற் புகமுடியாத கோமாளியும் சாத்தானும் பாவை மேடையிற் புகலிடம் பெற்றனர்.

1770 இல் சட்டம் பயிலும் பொருட்டு ஸ்ற்றாஸ்பூர்க் சென்ற கேதேயின் உள்ளத்தில் அப்பாவைக்கூத்தின் ஒலி ஓயாது கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாக் கல்வியும் கற்று, எதிலும் நிறைவு காணாது, தன்னையே விலைகூறிய அறிஞனின் கதை, பல துறைகளில் அலைந்து சலித்த இளைஞருக்குத் தம் கதையாகவே தோன்றியது. அந்நகரில் அவருக்கு ஆசானும் நண்பருமாய் வாய்த்தவர் ஹேர்டர். கூரிய நாவினர், பிறர் போற்றுவதை இகழ்ந்து உதறுபவர். தம் உள்ளத்தில் வளர்ந்துவரும் பௌஸ்ற்றை அவரிடமிருந்து கேதே கவனமாக மறைத்துக்கொண்டார். முளையை வெயிலுக்குக் காட்டாது மூடிவைத்தார் போலும். 1772 ஜனவரியிற் பிராங்க்பேர்ட்டில், பெற்ற சிசுவைக் கொன்ற குற்றத்திற்காகச் சூசன்னா பிராண்ட் என்னும் பணிப்பெண் தலை வெட்டப்பட்டாள். அப்போது கேதே அந்நகரில் வழக்கறிஞர். பாவைக்கூத்திலே இல்லாத கிறெற்சென் என்னும் பேதைப் பெண் அந்தக் கொலைக்களத்தினின்றே நாடகத்துட் புகுந்தாள் என்பர். மரப்பாவை தந்தது எலும்பு. குருதி ஊரிலிருந்து வந்தது.

1774 இற் பாவைக்கூத்து என்ற பெயரையே தலைப்பிற் கொண்ட அங்கத நாடகத் தொகுதி ஒன்றைக் கேதே வெளியிட்டார். 1775 இல் வைமார் சென்றார். அங்கேயே வாழ்நாளைக் கழித்தார். அமைச்சுப் பணி, சுரங்கப் பணி, தாவர ஆராய்ச்சி, இத்தாலியப் பயணம் ஆகியவற்றை இங்கே விரித்தல் வேண்டா. 1781 இல் அவர் பிறந்த நாளன்று தீபூர்ட் என்னும் இடத்தில் நண்பர்கள் அவர் பொருட்டு நிழற்கூத்து ஒன்றை ஆடினர் என்பது குறிக்கத்தக்கது. 1791 முதல் 1817 வரை வைமார் அரங்கின் தலைவராய் இருந்தார். நடிகர்க்கு அவர் வகுத்த விதிகளில், மேடையைச் சதுரங்கப் பலகைபோற் கட்டங்களாக மனத்திற் பகுத்துக்கொள்ளல் வேண்டும் என்பதும் ஒன்று. உயிருள்ள நடிகரைக் கம்பியில் ஆட்டும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை என்று எனக்குத் தோன்றுகின்றது. நடிகர் சிலர் முணுமுணுத்ததில் வியப்பில்லை. பழக்கிய நாயொன்றை மேடையேற்றும் நாடகத்தைத் தடுக்க முயன்று, அது நடவாதுபோக, அப்பதவி அவரை விட்டு நீங்கியது. குழந்தை விளையாட்டுப் பொருளிலும் அவர் கருத்து எப்போதும் செவ்விதாய் இருந்ததென்று சொல்வதற்கில்லை. 1793 இல், தம் சிறு மகனுக்குத் தலைவெட்டும் பொறியின் பொம்மையொன்றை வாங்கி அனுப்புமாறு தாயாருக்கு எழுதினார். அம்மூதாட்டி முடியாதென்று கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

வடமொழியறிந்த அன்பர்க்கு ஒரு செய்தி. காளிதாசரின் சாகுந்தலம் 1789 இல் ஜோன்ஸ் என்பாரால் ஆங்கிலத்திலும், அதிலிருந்து 1791 இல் பொர்ஸ்ற்றர் என்பாரால் ஜேர்மனியத்திலும் பெயர்க்கப்பட்டது. கேதே அதனைப் போற்றிக் கவி பாடினார். பௌஸ்ற்றின் முகப்பில் அரங்கத் தலைவனும் புலவனும் கோமாளியும் உரையாடும் பகுதி, சாகுந்தலத்தின் முன்னுரையில் வரும் சூத்திரதாரனைக் கண்டு அமைத்தது என்பர் ஆய்வாளர். சூத்திரதாரன் என்னும் சொல்லுக்கு நூலைப் பிடிப்பவன் என்பது பொருள். அந்நூல் பாவையின் நூலே என்றும், இந்திய நாடகம் பாவைக்கூத்தினின்றே தோன்றியதென்றும் 1900 இல் பிஷெல் என்னும் ஜேர்மனிய அறிஞர் வாதித்தார். தச்சரின் அளவுநூலே அது என்று மறுப்பாரும் உளர். நான் இரண்டாங் கொள்கையையே சார்பவன். எனினும் முதற் கொள்கை தோற்பது எனக்கு மகிழ்ச்சி தருவதன்று.

பௌஸ்ற்றின் முதற் பாகம் 1808 இல் வெளிவந்தது. 1829 இற் பிறவுன்சுவைக் நகரில் முழுமையாக மேடையேறியது. இரண்டாம் பாகத்தை 1831 இல் முடித்து, தாம் வாழும்வரை வெளிவரலாகாதென்று முத்திரையிட்டு வைத்தார். ஸ்ற்றாஸ்பூர்க்கில் மறைத்து வளர்த்ததை அறுபது ஆண்டுகளின் பின்னரே அவர் கைவிட்டார். 1832 மார்ச் 22 ஆம் நாள் வைமாரில் இறந்தார்.

அவர் பிறந்த பிராங்க்பேர்ட் இல்லம் அதே மார்ச் 22 ஆம் நாளில், 1944 ஆம் ஆண்டில், வானூர்திக் குண்டுகளால் இடிந்து எரிந்தது. வீட்டின் தளபாடங்களும் நூல்களும் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தன. பழைய வடிவம் மாறாமல் வீடு மீளக் கட்டப்பட்டு 1951 இல் திறக்கப்பட்டது. மேல் மாடியில் ஓர் அறையிற் பாட்டியார் கொடுத்த பாவைமேடை வைக்கப்பட்டிருக்கின்றது.