மரங்களை அறிந்த பெருமகனார் ரிட்லி

ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பதற்கு முன் அவரை அடையாளம் கண்டுகொள்ளுதல் வேண்டும். மரங்களுக்கும் அஃதே முறை. மரங்களை அடையாளம் காண்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, அதனால் இந்நாட்டின் வரலாற்றையே மாற்றியவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்னும் அறிஞர் ஆவார்.

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபக் மாவட்டத்தில் ஒரு சமயகுருவின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி பயின்று, 1880இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் பணியேற்றார். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் இயக்குநராக இங்கு வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு அகவை 32.

அவர் வருவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்னரே, 1877இல், பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்திருந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. ஆயினும் அம்மரத்தின் அருமையை உணர்ந்தோர் அந்நாளில் மிகச் சிலரே.

ரப்பர்ப் பால் தரும் மரம் ஒன்றன்று, பல உண்டு. அவற்றைப் பிரித்தறிவதற்குத் தாவரவியற் சொற்களே துணையாகும். மலாய்க்காரர் ரம்போங் என வழங்கும் மரம் ஆலமரத்தின் உறவு. அதன் இலை தனியிலை. இளந்தளிரை ஓர் உறைபோல மூடியிருப்பது இலையடிச் செதில். சியாரா ரப்பர் மரமோ மரவள்ளியின் உறவு. அதன் இலையும் தனியிலையே. ஆயினும் விரல்கள் போலப் பிளவுபட்டிருக்கும். நம் தோட்டங்களில் வளர்ந்த ரப்பர் மரத்தில் ஒரே நீண்ட காம்பின் நுனியில் மூன்று இலைகள் இருப்பனபோல் தோன்றும். உண்மையில் அவை மூன்று இலைகள் அல்ல; ஒரே இலையின் மூன்று சிற்றிலைகள். இத்தகையதற்குக் கூட்டிலை என்று பெயர். இதனை எங்ஙனம் அறிவது? இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் கோணமொட்டு என்னும் சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அம்மொட்டு இராது.

காயும் ஓர் அடையாளமே. ரப்பர்க் காய் மூன்று அறைகள் கொண்டது. முற்றியதும் ஓசையுடன் வெடித்து, புள்ளிகள் நிறைந்த விதைகளைத் தொலைவில் எறியும். ஆமணக்கின் காயும் மூன்று அறைகள் உடையதே. ஆதலின் ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை என்பர் அறிஞர்.

ரிட்லி மரத்தின் பெயரோடு நின்றுவிடவில்லை. பட்டையையும் நுணுகி ஆராய்ந்தார். பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். அதனால் மரம் காயமுற்று நலிந்தது. பால்குழாய்கள் உட்பட்டையில் உள்ளன. அதற்கும் உள்ளே, மரக்கட்டையை ஒட்டி, வளர்படலம் என்னும் மெல்லிய அடுக்கு உள்ளது. அவ்வடுக்கைத் தீண்டாமல் பட்டையை மெல்லியதாகச் சீவினால் பால் வடியும். பட்டையும் மீண்டும் வளரும். முன்பு வெட்டிய கோட்டையே மறுபடியும் சீவினால் போதும் என்பதையும், விடியற்காலையில் பால் மிகுதியாகச் சுரக்கும் என்பதையும் 1890களில் அவர் தம் சோதனைகளால் நிறுவினார். மரத்தைக் கொல்லாமல் பல்லாண்டு பயன்பெறும் வழி அங்ஙனம் பிறந்தது.

அக்காலத்துத் தோட்ட முதலாளிகள் காப்பிப் பயிரையே நம்பியிருந்தனர். ரிட்லி தம் சட்டைப் பைகளில் ரப்பர் விதைகளை நிரப்பிக்கொண்டு, காண்போரிடமெல்லாம் நடுமாறு வேண்டினார். பலர் அவரைப் பித்தர் என எள்ளி நகையாடினர். அவர் மனம் தளரவில்லை. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகன் முதல் ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர்க் காப்பியின் விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. மலாயா உலகிலேயே மிகுதியாக ரப்பர் விளைவிக்கும் நாடாயிற்று.

அத்தோட்டங்களில் உழைப்பதற்காகவே தமிழகத்திலிருந்து நம் முன்னோர் திரளாக வந்தனர். காடு திருத்தி, காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்து, விடியுமுன் எழுந்து பால் வெட்டினர். வளர்படலம் என்னும் சொல்லை அவர்கள் அறியார். ஆயினும் அதனைத் தீண்டாமல் சீவும் நுட்பம் அவர்தம் கைகளில் இருந்தது. ரிட்லியின் பெயர் நூல்களில் நிலைபெற்றது. அவ்வுழைப்பாளர் பெயர்களோ பெரும்பாலும் எழுதப்படவில்லை. இருவரையும் நினைவில் கொள்வது நம் கடமை.

ரிட்லி 1911இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் கொண்ட பெருநூலை 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். விதைகள் பரவும் வகை குறித்து மற்றொரு நூலை 1930இல் வெளியிட்டார். நூறு ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்து, 1956ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டே மலாயா விடுதலை பெற்றது.

மாணவர்களே! ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் இன்று செம்பனையே எங்கும் நிறைந்துள்ளது. ரப்பர் விதையைக் கல்லில் தேய்த்துச் சூடேற்றி விளையாடிய கதையை உங்கள் பாட்டன் பாட்டியரே சொல்லக் கேட்கலாம். ஒரு மரத்தின் அடையாளத்தை மறந்தால், அதனோடு வாழ்ந்தோர் வரலாறும் மெல்ல மறையும். ஆதலின் பள்ளி வளாகத்திலுள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் இலை தனியிலையா, கூட்டிலையா எனப் பாருங்கள். கோணமொட்டைத் தேடுங்கள். பட்டை, பூ, காய் ஆகியவற்றை ஆராய்ந்து, கண்ட நாளோடும் இடத்தோடும் ஏட்டில் எழுதுங்கள். வீட்டிலுள்ள முதியோரிடம் அதன் பெயரைக் கேட்டு, அதனையும் எழுதிக்கொள்ளுங்கள். ரிட்லி என்னும் பேரறிஞரும் தம் பணியை இவ்வாறே ஆற்றினார்.