புதுமைப்பித்தன்: பெயர்கள் பல, பேனா ஒன்று

வளைகுடா நாடுகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் புதுமைப்பித்தன் என்ற பெயரை ஒரு தடவையேனும் கேள்விப்படாத பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். ஊரில் படித்த காலத்தில் பாடப்புத்தகத்திலோ வாசிகசாலையிலோ அவருடைய கதை ஒன்று கண்ணில் பட்டிருக்கும். ஆனால் சொ.வி., ரசமட்டம், வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை, கூத்தன், நந்தன், கபாலி, சுக்ராச்சாரி, மாத்ரு என்ற பெயர்களில் எழுதியவரும் அவரே என்பது பலருக்குத் தெரியாது. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கோ இவற்றில் ஒரு பெயரும் தெரியாது. அவர்களுக்கு வாசித்துச் சொல்வதற்கு வசதியாக அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக இங்கே தருகிறேன்.

அவருடைய இயற்பெயர் விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25ஆம் திகதி கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தகப்பனார் சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறையில் உத்தியோகம் பார்த்தவர். மாற்றலாகும் ஊரெல்லாம் குடும்பமும் கூடவே போயிற்று. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று பிள்ளையின் படிப்பும் ஊர் ஊராக நடந்தது. எட்டு வயதில் தாயாரை இழந்தார். 1918இல் தகப்பனார் ஓய்வு பெற்றபின் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே இந்துக் கல்லூரியில் படித்து 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த வருடம் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார். பட்டதாரி மகன் அரசாங்க உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது தகப்பனாரின் எண்ணம். மகனின் மனமோ எழுத்தில் இருந்தது. தந்தைக்கும் மகனுக்கும் மனத்தாங்கல் ஏற்பட, அவர் சென்னைக்குப் போனார்.

1933இல் 'காந்தி' பத்திரிகையில் அவருடைய முதல் கட்டுரை வெளிவந்தது. 1934இல் 'மணிக்கொடி' அவருடைய கதைகளை வெளியிடத் தொடங்கியது. சிறிது காலம் 'ஊழியன்' பத்திரிகையில் இருந்துவிட்டு, 'தினமணி'யில் பல வருடங்கள் உதவி ஆசிரியராக வேலை பார்த்தார். அந்தக் காலத்துப் பத்திரிகை அலுவலகம் என்றால் நாலைந்து மேசைகள்தான். நாலைந்து பேரே இதழின் பெரும்பகுதியை எழுத வேண்டும். ஒரே இதழில் ஒரே பெயர் மூன்று இடங்களில் வந்தால் வாசகர் முகம் சுளிப்பார். ஆகவே எழுதுகிறவர்கள் ஆளுக்குப் பல பெயர்கள் வைத்துக்கொண்டார்கள். கல்கி கிருஷ்ணமூர்த்திகூடச் சங்கீத விமரிசனத்தைக் 'கர்நாடகம்' என்ற பெயரில்தான் எழுதினார்.

விருத்தாசலத்தின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பக்கம் நிரப்பும் தேவையோடு ஒரு திட்டமும் தெரிகிறது. கதைகளுக்குப் பெரும்பாலும் புதுமைப்பித்தன். பித்தன் என்பது சிவபெருமானுக்குச் சுந்தரர் சூட்டிய பெயர் என்பதை ஆலயத்துக்கு வரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதைகளின் கவர்ச்சிக்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இலக்கியச் சண்டைகளுக்கு ரசமட்டம். மேசன்மார் சுவரின் மட்டம் பார்க்கும் கருவிக்கு அந்தப் பெயர். துபாயிலும் ஷார்ஜாவிலும் கட்டட வேலை பார்க்கும் நம்மவர் கையில் தினமும் இருக்கும் சாமான்தான். மற்றவர் எழுத்து நேராக நிற்கிறதா, சரிந்து நிற்கிறதா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? கவிதைகளுக்கு வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை. கேட்டால் திருநீறு பூசிய பழைய புலவர் ஒருவர் கண்முன் வருவார். அந்தப் பெயரில் வந்த பாட்டுகளோ பழைய செய்யுள் நடையை வைத்துக்கொண்டே நாட்டு நடப்பைக் கேலி செய்தன. அவர் எழுதிய கவிதைகள் மொத்தம் பதினைந்து அளவில்தான் இருக்கும்.

என் தொழில் கணக்கெழுதுவது. ஒரு வியாபாரத்துக்குப் பல கணக்குகள் இருப்பது முதலாளி தன்னை மறைப்பதற்காக அல்ல. எந்த வரவு எங்கிருந்து வந்தது, எந்தச் செலவு எதற்காக என்று தனித்தனியே தெரிய வேண்டும் என்பதற்காக. விருத்தாசலத்தின் பெயர்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். சண்டைக்காரன் மீது இருக்கும் கோபம் கவிதையின் கணக்கில் ஏறக்கூடாது. கதாசிரியனின் புகழைக் கொண்டு விமரிசகன் கடன் வாங்கக்கூடாது.

ஆனால் பேரேட்டில் எல்லாப் பக்கமும் சுத்தமாக இருந்தது என்று சொல்ல முடியாது. பிறமொழிக் கதைகளைத் தழுவி எழுதுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். மொழிபெயர்ப்பதானால் மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லி மொழிபெயர்க்க வேண்டும் என்றார். அவ்விதமே பல நாட்டுக் கதைகளைத் தமிழில் தந்தார். ஆயினும் அவருடைய ஆரம்பகாலக் கதைகள் சில பிரெஞ்சு எழுத்தாளர் மொப்பசானின் கதைகளைத் தழுவியவை என்று பின்னாளில் சுட்டிக்காட்டினார்கள். அவற்றுள் ஒன்றைத் தழுவல் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ரசமட்டத்தைத் தன் சுவரிலும் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கதைகளின் வகையைப் பார்த்தால் ஒருவரே எழுதினாரா என்ற வியப்பு வரும். 'காஞ்சனை' ஒரு பேய்க்கதை. 'சாபவிமோசன'த்தில், சீதையை இராமன் தீக்குளிக்கச் செய்தான் என்று அறிந்த அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சிவபெருமானே சென்னைப் பட்டணத்துக்கு வந்து, வைத்தியப் பத்திரிகை நடத்தும் ஒருவருடைய விருந்தாளியாகத் தங்குகிறார். காப்பி குடிக்கிறார், குழந்தையோடு விளையாடுகிறார், நடனம் ஆடிக் காட்டியும் பெரிய மனிதரின் பாராட்டுக் கிடைக்காமல் திரும்புகிறார். கடைசியில் பத்திரிகைக்குச் சந்தாவும் கட்டிவிட்டுப் போகிறார். இந்தக் கதைகள் எல்லாம் 1943ஆம் ஆண்டிலேயே வெளிவந்தவை.

எங்கள் நாட்டைப் பற்றியும் அவர் எழுதினார். 1935இல் வந்த 'துன்பக்கேணி' நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன மருதி என்ற பெண்ணின் கதை. வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் தாண்டிப் போகிறவர்கள் அங்கே என்ன படுகிறார்கள் என்பதைத் தமிழ்ச் சிறுகதையில் அவ்வளவு வெளிப்படையாக அதற்குமுன் சொன்னவர் அரிது. 'செல்லம்மாள்' என்ற கதையில், பட்டணத்துத் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் நோயாளி மனைவியைத் தனியாளாகக் கவனிக்கிறார். ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்ற அவளுடைய ஆசை நிறைவேறாமலே போகிறது. கராமாவிலோ அபுதாபியிலோ இருந்து அதை வாசிக்கும் எவருக்கும் தொண்டை அடைக்கும்.

இவ்வளவு எழுதியும் வீட்டில் பணம் நிற்கவில்லை. 1943இல் 'தினமணி' ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் நிர்வாகத்தோடு ஏற்பட்ட பிணக்கில் விலகியபோது, விருத்தாசலமும் அவரோடு வெளியேறினார். பின்னர் 'தினசரி'யில் சில காலம் இருந்தார். அதன்பின் சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கும் முயற்சியும் கைகூடவில்லை. கமலா அம்மையார் அடிக்கடி திருவனந்தபுரத்தில் பெற்றோர் வீட்டில் இருக்க, இவர் சென்னையில் தனித்திருந்தார். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வந்திருக்கின்றன. குடும்பத்தைக் கூப்பிடச் சம்பளம் போதாமல் பகிர்ந்த அறையில் காலம் தள்ளும் சகோதரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கடிதங்களின் பொருள் சொல்ல வேண்டியதில்லை. பணம் அனுப்ப முடியாத வருத்தம், விரைவில் அழைத்துக்கொள்கிறேன் என்ற உறுதி, பிறகு இன்னொரு தாமதம். புதுமைப்பித்தன், ரசமட்டம், கந்தசாமிப் பிள்ளை ஆகிய மூவரும் சேர்ந்து சம்பாதித்தும் விருத்தாசலத்தின் வீட்டு வாடகை பெரும் பாரமாகவே இருந்தது.

தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதுவதற்காகப் புனாவுக்குப் போனார். அங்கே சயரோகம் முற்றியது. மனைவியும் இரண்டு வயது மகளும் இருந்த திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்து, 1948இல் அங்கேயே காலமானார். வயது 42. எழுதிய காலம் பதினைந்து வருடங்களே.

அவர் போன பிறகுதான் பெயர்களின் மறுபக்கம் தெரிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட அவருடைய கதைகளில் ஏறத்தாழப் பாதியே அவர் உயிரோடிருக்கையில் நூலாகின. மற்றவை பழைய இதழ்களில், வேறு வேறு பெயர்களின் கீழ், சிதறிக் கிடந்தன. இளம் நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் 1951இல் அவருடைய வரலாற்றை எழுதினார். கவிதைகளையும் கதைகளையும் தேடி நூலாக்கியதிலும் அவருடைய உழைப்பு உண்டு. அதற்குப் பிறகும் தேட வேண்டியது மிச்சமிருந்தது. ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, 1998இல் நூல்வடிவம் பெறாத எழுத்துகளையும், 2000இல் கதைகள் அனைத்தையும் பதிப்பித்தார். 2002இல் தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. எழுதியவர் பிரித்து வைத்த கணக்குகளை ஒன்று சேர்த்து ஐந்தொகை போட ஐம்பது வருடங்கள் பிடித்தன. அதுவும் இதழ்கள் எங்கேயோ பத்திரமாக இருந்ததால் முடிந்தது.

இலங்கையிலிருந்து வந்த நமக்கு அந்த நல்வாய்ப்பு முழுதாக இல்லை. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. எங்கள் எழுத்தாளர்களும் பல பெயர்களில் எழுதியவர்களே. நாவலும் நாடகமும் விமரிசனமும் எழுதிய அ.ந. கந்தசாமி, கவீந்திரன் என்ற பெயரில் கவிதை எழுதினார், 1968இல் காலமானார். இவர்களையொத்த இன்னும் எத்தனை பேருடைய பெயர்கள் எரிந்த பக்கங்களோடு போயின என்று கணக்கெடுக்க எவராலும் முடியாது.

ஆகவே அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கோவில் மலர், பாடசாலை மலர், பழைய பத்திரிகை நறுக்கு ஏதாவது இருக்கக்கூடும். அவற்றில் உங்கள் தகப்பனாரோ மாமாவோ பெரியம்மாவோ ஒரு புனைபெயரில் எழுதியிருக்கலாம். அந்தப் பெயர் யாருடையது என்று அறிந்தவர் இன்று நீங்கள் ஒருவராக மட்டும் இருக்கலாம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் உண்மைப் பெயரையும் ஊரையும் வருடத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பிள்ளைகளிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.