புழுங்கல் அரிசியின் அருமையைக் கணக்குப் போட்டுக் காட்டிய மருத்துவர்

நெல்லை அரவைக்குக் கொண்டுபோகும்போது, அரிசி நல்லா வெள்ளையா வரணும் என்று ஆலைக்காரரிடம் கேட்காத விவசாயி குறைவு. அந்த வெள்ளைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை நம் குன்னூரில் இருந்துகொண்டே ஆராய்ந்தவர் வாலஸ் ஏக்ராய்ட்.

1899இல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர், டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படித்தவர். இளம் வயதில் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனார். அங்கே மீனவக் குடும்பங்கள் குளிர்காலம் முழுக்க வெள்ளை மைதா ரொட்டியை நம்பியே காலம் தள்ளின. அரிசியே உண்ணாத அந்த மக்களிடமும் பெரிபெரி நோய் இருந்ததை 1930இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். பிறகு ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் சில ஆண்டுகள் பணி. 1935இல் ராபர்ட் மெக்காரிசனுக்கு அடுத்து குன்னூர் சத்துணவு ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார்.

அப்போது சென்னை மாகாணத்தில் ஒரு புதிர் இருந்தது. வடக்கே, இன்றைய கடலோர ஆந்திரப் பகுதியில் பெரிபெரி வாட்டியது. தெற்கே தமிழ் மாவட்டங்களில் அந்த அளவுக்கு இல்லை. இரண்டு பக்கமும் சோறுதான் உணவு. வித்தியாசம் அரிசியில்தான்: அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள தயமின் (பி1 சத்து) அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் தவிடு போனாலும் சத்து பெருமளவு தங்கும். பச்சரிசியில் தவிட்டோடு அதுவும் போய்விடும். 1940இல் சக ஆய்வாளர்களோடு அவர் வெளியிட்ட அரிசி பற்றிய அறிக்கை இதை விரிவாகப் பேசியது. நம் பாட்டிமார் செய்துவந்ததற்கு ஆய்வகச் சான்று கிடைத்தது என்றே சொல்லலாம்.

1937இல் வந்த 23ஆம் எண் சுகாதார வெளியீடு இந்திய உணவுப்பொருட்களின் சத்துக்களை அட்டவணையாகத் தந்தது. இன்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிடும் அட்டவணைகளின் முன்னோடி அதுதான். குன்னூர்க்கூடமே பின்னாளில் அங்கு இடம்பெயர்ந்தது.

1943 வங்கப் பஞ்சத்தை விசாரித்த குழுவில் அவரும் உறுப்பினர். இறந்தோர் சுமார் 15 லட்சம் என்ற அறிக்கைக் கணக்கைப் போட்டவரும் அவரே. முப்பது ஆண்டு கழித்து எழுதிய நூலில், தெருவோரம் செத்தவர்களைச் சரியாகச் சேர்க்கவில்லை, அந்த எண் குறைவுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அரசுக் கணக்கு போட்டவர் தன் எண்ணைத் தானே திருத்துவது அபூர்வம்.

1946 முதல் 1960 வரை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் சத்துணவுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். 1979இல் மறைந்தார்.

வீட்டுக்கு அரைக்கும் நெல்லையாவது புழுக்கி, பாலிஷைக் குறைத்து வாங்குங்கள். அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவ வேண்டாம். கஞ்சியை வடித்தால் கொட்டாதீர்கள், மிச்சமிருக்கும் பி1 சத்தில் ஒரு பங்கு அதில்தான் போகிறது.