பிணைச்சல் தந்த பாடம்



காற்றடிக்கும் நாளொன்றில் நீர்வேலியின் வாழைத் தோட்டத்தருகே சற்று நின்று பாருங்கள். இலைகள் கீற்றுக்கீற்றாய்க் கிழிந்து காற்றுக்கு வழிவிடுகின்றன. அவை கிழியாமல் விறைத்து நின்றால், காற்றின் முழு விசையும் தண்டைத் தாக்கும். விட்டுக்கொடுப்பதே நிலைத்து நிற்கும் வழி என்பதை வானத்தில் மெய்ப்பித்த ஒருவரின் வாழ்வை இன்று நினைத்துப் பார்ப்போம்.

ஹுவான் டி லா சியர்வா 1895ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் முர்சியாவில் பிறந்தார். பதின்ம வயதிலேயே நண்பர்களுடன் சேர்ந்து, விபத்தில் சிதைந்த விமானம் ஒன்றின் பாகங்களைக் கொண்டு 1912இல் ஒரு விமானத்தை உருவாக்கினார். 1919இல் அவர் வடிவமைத்த மூன்று இயந்திர விமானமோ, தாழப் பறக்கையில் வேகம் குன்றி வீழ்ந்து நொறுங்கியது. விமானி உயிர்தப்பினார். ஆயினும் அந்த வீழ்ச்சியை சியர்வாவால் மறக்க முடியவில்லை.

விமானத்தின் இறக்கை, முன்னோக்கிய வேகத்தினால்தான் பாரத்தைத் தாங்குகிறது. வேகம் ஓரளவுக்குக் கீழே குறைந்தால் தாங்கும் வலுவும் அற்றுப்போகும். ஏறவும் இறங்கவும் நீண்ட ஓடுபாதை வேண்டப்படுவதும் இதனாலேயே. விமானம் மெல்லச் சென்றாலும் இறக்கை வேகமாய்ச் சுழன்றால் என்ன என்று அவர் சிந்தித்தார். சிறிய விமானத்தின் உடலுக்கு மேலே பெரிய விசிறி போன்ற சுழலியைப் பொருத்தினார். ஹெலிகொப்டரில் இயந்திரம் சுழலியைச் சுற்றுகிறது. சியர்வாவின் ஊர்தியில் எதிர்வரும் காற்றே அதைச் சுற்றியது. அதற்கு ஓட்டோஜைரோ என்று பெயரிட்டார்.

முதல் மூன்று முயற்சிகளும் தோற்றன. காற்றை எதிர்த்து வரும் பக்கத்து அலகு கூடுதலாய்த் தூக்கியது. பின்வாங்கும் பக்கத்து அலகு குறைவாய்த் தூக்கியது. ஊர்தி ஒருபுறமாய்ச் சரிந்தது. அவர் செய்த சிறிய மாதிரியோ நன்றாகப் பறந்தது. காரணம் என்ன? மாதிரியின் அலகுகளில் இருந்தது வளையும் பிரம்பு. பெரிய ஊர்தியின் அலகுகளோ விறைப்பானவை. இதை உணர்ந்த சியர்வா, ஒவ்வோர் அலகின் அடியிலும் கதவுக்குப் பூட்டுவது போன்ற பிணைச்சலை அமைத்தார். மிகுதியாய்த் தூக்கப்பட்ட அலகு மேலெழுந்து தன் வலுவைக் குறைத்துக்கொண்டது. மற்றது தாழ்ந்து தன் பங்கைக் கூட்டிக்கொண்டது.

1923 ஜனவரியில் மட்ரிட் நகருக்கு அருகே அந்த ஊர்தி பறந்தது. அதே மாதத்தில் ஒருநாள் மேலெழுந்த சிறிது நேரத்தில் இயந்திரம் நின்றுபோனது. ஆனால் ஊர்தி மெல்லத் தாழ்ந்து பத்திரமாகத் தரையிறங்கியது. 1919இன் துயரத்திற்கு விடை கிடைத்துவிட்டது. 1928இல் சியர்வா தாமே விமானியாகி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1934இல் ஸ்பெயினின் போர்க்கப்பல் ஒன்றின் தளத்தில் அவரது ஊர்தி இறங்கி, மீண்டும் எழுந்தது. ஓடாமலே நேரே எழும் முறையையும் அவர் வளர்த்தெடுத்தார்.

1936 டிசம்பர் 9ஆம் திகதி லண்டனின் குரொய்டன் நிலையத்திலிருந்து மூடுபனியில் கிளம்பிய வழமையான பயணிகள் விமானம் வீழ்ந்தபோது, பயணியாயிருந்த சியர்வாவும் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. அவர் தந்த பிணைச்சலோ பின்னாளில் ஹெலிகொப்டர்களையும் வானில் நிறுத்தியது.

அன்பானவர்களே, பிணைச்சல் கொண்ட அலகு அசைகிறது. ஆனால் நடுத்தண்டை விட்டுப் பிரிவதில்லை. நம் இல்லங்களில் நடப்பது என்ன? ஒரு சொல்லுக்காகப் பேச்சை நிறுத்திய சகோதரர்கள், வேலித் தகராற்றில் ஆண்டுக்கணக்காய் முகம்பாராத உறவினர் நம்மிடையே இல்லையா? விட்டுக்கொடுத்தால் விழுந்துவிடுவோம் என்று அஞ்சுகிறோம். விறைத்து நின்றதால் அல்லவா விழுந்தோம்! இன்றிரவு குடும்ப செபத்திற்கு முழந்தாளிடுமுன், நீங்கள் முதலில் தாழ்ந்து பேசவேண்டியவர் யார் என்று உங்களையே கேட்டுப்பாருங்கள்.