ஒவ்வொரு பென்னிக்கும் ரசீது: ஜார்ஜ் முல்லரின் வாழ்க்கை



வங்கியில் 34 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். யாருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தாலும், அவர் பணத்தை எப்படிக் கையாண்டார் என்றுதான் என் கண் முதலில் போகும். பழக்க தோஷம். அப்படிப் படித்தவர்களில் என்னால் மறக்க முடியாதவர் ஜார்ஜ் முல்லர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைக் குழந்தைகளை வளர்த்தவர். ஸ்பெயின் முதல் இந்தியா வரை பல நாடுகளில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பணம் அனுப்பியவர். கிறிஸ்தவ நண்பர்களிடம் கேட்டால் அவரை ஜெப வீரர் என்பார்கள். எனக்கு அவர் கணக்கு காட்டிய மனிதர். அந்தக் கோணத்தில் அவர் கதையைச் சொல்கிறேன்.

திருட்டுப் பையன்

முல்லர் பிறந்தது 1805 செப்டம்பர் 27ஆம் தேதி, அன்றைய பிரஷ்யாவில் (இன்றைய ஜெர்மனி) உள்ள குரோப்பன்ஸ்டெட் என்ற சிற்றூரில். தந்தை அரசாங்கத்தில் வரி வசூல் அதிகாரி. வசூலான அரசுப் பணம் வீட்டில் இருக்கும். பத்து வயதுகூட ஆகாத பையன் அதில் கை வைக்க ஆரம்பித்தான். பணம் குறைவதைக் கவனித்த தந்தை, ஒரு தொகையை எண்ணி வைத்துவிட்டுப் பையனை அந்த அறையில் தனியாக விட்டார். திரும்பி வந்து எண்ணினால் குறைந்தது. சோதனை போட்டதில் பணம் பையனின் காலணிக்குள், பாதத்தின் அடியில் இருந்தது.

அடி வாங்கியும் திருந்தவில்லை. பதினாறு வயதில் ஊர் ஊராகப் போய் வசதியான விடுதிகளில் தங்கிவிட்டு, வாடகை கொடுக்காமல் நழுவப் பார்த்ததில் சிறைக்குப் போனார். மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். தந்தை பணம் கட்டித்தான் வெளியே எடுத்தார்.

பிறகு பள்ளி விடுதியில் ஒரு நாடகம் ஆடினார். தந்தை அனுப்பிய பணத்தைச் செலவழித்துவிட்டு, தம் பெட்டியின் பூட்டைத் தாமே உடைத்து வைத்து, திருட்டுப் போய்விட்டது என்று அலறிக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் ஓடினார். பரிதாபப்பட்ட நண்பர்கள் வசூல் செய்து பணம் கொடுத்தார்கள். அடுத்து ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1825ல் நண்பர்களுடன் சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா போனார். பொதுப்பணம் அவர் கையில். கணக்கில் செய்த தில்லுமுல்லில், மற்றவர்கள் செலவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே தமக்கு ஆகும்படி பார்த்துக்கொண்டார்.

இவற்றையெல்லாம் நான் தோண்டி எடுக்கவில்லை. முல்லர் தாமே பிற்காலத்தில் எழுதி அச்சிட்டவை. மறைக்காமல் எழுதியதுதான் அவர் காட்டிய முதல் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

திருப்பம்

அதே 1825ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை. நண்பர் ஒருவர் ஹாலேயில் ஒரு வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒருவர் முழங்காலில் நின்று ஜெபிப்பதைப் பார்த்தார். பாதிரியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர் அதுவரை அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. அன்றிலிருந்து வாழ்க்கை மாறியது. வெளிநாட்டுக்கு மிஷனரியாகப் போக ஆசைப்பட்டார். மகன் நல்ல வருமானமுள்ள பாதிரியார் ஆவான், கடைசிக் காலத்தில் அவனுடன் இருக்கலாம் என்று நினைத்திருந்த தந்தைக்குக் கோபம். முல்லர் அதன் பிறகு தந்தையின் பணத்தை வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்.

ஹாலே நகரில் பிராங்கே என்பவர் நூறு ஆண்டுகளுக்கும் முன்பே தொடங்கிய பெரிய அநாதை இல்லம் இருந்தது. முல்லர் சில காலம் அங்கே இலவசமாகத் தங்கியிருக்கிறார். நமக்கும் அந்த ஊருடன் ஒரு தொடர்பு உண்டு. 1706ல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழில் புத்தகம் அச்சிட்ட சீகன்பால்கு அதே ஹாலேயில் பிராங்கேயிடம் படித்தவர்தான்.

1829ல் முல்லர் இங்கிலாந்து போனார். அடுத்த ஆண்டு டெய்ன்மவுத் என்ற கடலோர ஊரில் சிறிய சபைக்குப் போதகரானார். மேரி குரோவ்ஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். மேரியின் அண்ணன், பல் மருத்துவத் தொழிலை விட்டு மிஷனரியாகப் பாக்தாத் போய், பின்னர் நம் பக்கத்துச் சித்தூரில் பணி செய்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ்.

முல்லருக்கு ஆண்டுக்கு 55 பவுண்டு சம்பளம். அது கோயில் இருக்கைகளுக்கு வாங்கும் வாடகையிலிருந்து வந்தது. பணம் உள்ளவனுக்கு நல்ல இருக்கை, ஏழைக்கு மூலை. இது சரியில்லை என்று சொல்லி, மணமான அதே மாதம் சம்பளமே வேண்டாம் என்றார். ஒரு பெட்டி வைத்தார். விருப்பமுள்ளவர்கள் போடலாம். யாரிடமும் கேட்பதில்லை, கடனும் வாங்குவதில்லை. இதற்கு மேரியும் சம்மதித்தார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய நமக்கு அதன் கனம் தெரியும்.

28 தட்டு, 4 கத்தி, 5 முள்கரண்டி

1832ல் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்தார். 1834 மார்ச்சில், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வேத அறிவைப் பரப்புவதற்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்துவது, பைபிள் வழங்குவது, வெளிநாடுகளில் பணி செய்பவர்களுக்கு உதவுவது ஆகியவை அதன் வேலைகள். விதிகளில் முக்கியமானது: கடன் வாங்கக் கூடாது.

அடுத்து அநாதை இல்லம். 1835 டிசம்பரில் அறிவித்தார். முதலில் வந்த காணிக்கை ஒரு ஷில்லிங். பிறகு ஒரு பெரிய துணி அலமாரி. இன்னொரு நாள் வந்தவை 28 தட்டு, 3 கிண்ணம், 1 ஜாடி, 4 குவளை, 4 கத்தி, 5 முள்கரண்டி, ஒரு துருவி. எல்லாம் கணக்கில் ஏறின. 1836 பிப்ரவரியில் விண்ணப்பம் வாங்க உட்கார்ந்தால் ஒரு குழந்தைகூட வரவில்லை! வீடு, பணம், பணியாளர் என எல்லாவற்றுக்கும் ஜெபித்தவர், குழந்தைகளுக்காக ஜெபிக்க மறந்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்தாராம். ஏப்ரலில் வில்சன் தெருவில் 30 சிறுமிகளுக்கான வாடகை வீடு திறக்கப்பட்டது.

அந்தக் காலத்து அநாதை இல்லங்கள் பலவற்றில், நன்கொடையாளர்கள் ஓட்டுப் போட்டால்தான் குழந்தைக்கு இடம். சிபாரிசு இல்லாத குழந்தை வெளியே நிற்கும். முல்லர் அதை வைத்துக்கொள்ளவில்லை. தாய் தந்தை இருவரையும் இழந்த ஏழைக் குழந்தை என்றால் விண்ணப்பித்த வரிசைப்படி இடம். ஆனால் பெற்றோர் முறைப்படி மணமானவர்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்திருந்தார். இது இன்று நமக்கு உறுத்துகிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு முறை

நன்கொடை எவ்வளவு சிறியதானாலும் எண் போட்ட ரசீது உண்டு. ஆண்டறிக்கையில் கொடுத்தவர் பெயர் இருக்காது. எண்ணும் தொகையும் இருக்கும். கொடுத்தவர் தம் ரசீதை எடுத்து, தம் பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று சரிபார்க்கலாம். விளம்பரத்துக்காகக் கொடுப்பவருக்கு அங்கே வேலை இல்லை, சந்தேகப்படுபவருக்கு வழி உண்டு. இதைவிட எளிய உள்தணிக்கையை நான் பார்த்ததில்லை.

கையில் காசு இல்லாத நாட்கள் ஏராளம். 1838 செப்டம்பரில் இல்லங்களில் பணம் அறவே தீர்ந்துவிட்டது. அப்போது லண்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி மூன்று பவுண்டுக்குச் சற்று மேல் கொண்டுவந்து கொடுத்தார். விசாரித்தால், அவர் நாலைந்து நாட்களாகச் சிறுவர் இல்லத்துக்கு அடுத்த வீட்டிலேயே தங்கியிருந்திருக்கிறார். பணம் சுவருக்கு அந்தப் பக்கம், பசி இந்தப் பக்கம். அப்போதும் முல்லர் வெளியே போய்க் கேட்கவில்லை.

ஆண்டறிக்கை போடுவதே மறைமுகமாகப் பணம் கேட்பதுதானே என்று அவரை விமர்சித்தவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். 1841 டிசம்பரில் கையிருப்பு மிகக் குறைவாக இருந்தபோது, அந்த ஆண்டுக் கூட்டத்தையும் அறிக்கையையும் சில மாதங்கள் தள்ளிவைத்தார். பஞ்சப்பாட்டு பாடியதாக ஆகிவிடக்கூடாது என்பதுதான் காரணம்.

இன்னொரு நிகழ்ச்சி. தையல் வேலை செய்து வாரத்துக்குச் சில ஷில்லிங் மட்டும் சம்பாதித்த நோயாளிப் பெண் ஒருவர் 100 பவுண்டு கொண்டுவந்தார். குடும்பச் சொத்தில் அவர் பங்குக்குப் பணம் வந்திருந்தது. முல்லர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. உணர்ச்சிவசப்பட்டுக் கொடுக்கிறாரா, பின்னால் வருந்துவாரா என்று தீர விசாரித்தார். அப்போதுதான் தெரிந்தது: அவருடைய தந்தை குடித்துக் கடன் வைத்துவிட்டு இறந்தவர். கடன்காரர்கள் கால் பங்கு கிடைத்தால் போதும் என்று உடன்பிறந்தவர்களுடன் முடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி அவசியமே இல்லாமல், மீதியை இந்தப் பெண் ரகசியமாகக் கொடுத்துத் தீர்த்திருந்தார். அதன் பிறகே பணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு காலத்தில் நண்பர்களின் பரிதாபத்தைக் காசாக்கியவர், இப்போது பரிதாபத்தில் நீட்டப்பட்ட பணத்தை வாங்கத் தயங்கி நின்றார்.

பக்கத்து வீட்டுக்காரரின் கடிதம்

நமக்கு மிகவும் பிடிக்கக்கூடிய பகுதி இது. 1845 அக்டோபரில் வில்சன் தெருவாசி ஒருவர் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். அதற்குள் அந்தத் தெருவில் இல்லங்கள் நான்காகியிருந்தன. குழந்தைகள் விளையாடும் சத்தம் தாங்கவில்லை, இல்லங்களால் தெருவுக்கே தொந்தரவு என்பது புகார். சாக்கடை அடைப்பும் தண்ணீர்ப் பிரச்சினையும் வேறு இருந்தன. நம் சங்கக் கூட்டங்களில் கேட்காத விஷயமா!

முல்லர் பெரிய தர்மகாரியம் செய்பவர். உங்களுக்கு இரக்கமில்லையா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அவரோ புகார் நியாயமானது என்று எடுத்துக்கொண்டார். இடம் மாறுவதற்குச் சாதகம், பாதகம் இரண்டையும் தாளில் எழுதிப் பார்த்தார். ஊருக்கு வெளியே சொந்தமாகக் கட்டுவது என்று முடிவு செய்தார். டிசம்பரில் 1,000 பவுண்டு ஒரே நன்கொடையாக வந்தது. ஆஷ்லி டவுன் என்ற மேட்டில் ஏழு ஏக்கர் நிலம் அமைந்தது. ஏக்கர் 200 பவுண்டு என்று சொல்லியிருந்த உரிமையாளர், இரவு தூக்கம் வராமல் யோசித்து 120 பவுண்டுக்கே கொடுத்தார்.

முழுப்பணமும் சேர்ந்த பிறகே கட்டட வேலை. 1849 ஜூனில் 300 குழந்தைகளுக்கான முதல் இல்லம் திறந்தது. 1857, 1862, 1868, 1870 என வரிசையாக மேலும் நான்கு. மொத்தம் 2,050 குழந்தைகளுக்கு இடம். கல்வித் தரத்தைப் பார்க்கத் தனியாக ஒரு பள்ளி ஆய்வாளரை நியமித்தார். பையன்கள் தொழில் பழகவும், பெண்கள் வீட்டு வேலைக்கும் போகும்போது துணிமணியும் பைபிளும் கொடுத்து அனுப்பினார்கள். ஆலைக்கும் சுரங்கத்துக்கும் மலிவாகக் கிடைத்த கூலியாட்களை இவர் பறித்துக்கொள்கிறார் என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்களாம்.

கடல் கடந்த பள்ளிகள்

பணம் பிரிஸ்டலோடு நிற்கவில்லை. ஸ்பெயினில் 1868 புரட்சிக்குப் பிறகு மதச் சுதந்திரம் கிடைத்ததும் பார்சிலோனா, மாட்ரிட் நகரங்களில் பள்ளிகளுக்கு உதவினார். இத்தாலி, இந்தியா, பிரிட்டிஷ் கயானா என்று பட்டியல் நீண்டது. மொத்தம் 117 பள்ளிகள். அவற்றில் படித்தவர்கள் 1,20,000 பேருக்கும் மேல். சீனாவில் பணி செய்த ஹட்சன் டெய்லரின் குழுவினர் உட்படப் பல மிஷனரிகளுக்குத் தொடர்ந்து பணம் அனுப்பினார். பள்ளியில் பாடத்தோடு வேதமும் கற்பிக்கப்பட்டது. அவர் நோக்கம் அது, அதை அவர் ஒளித்ததில்லை.

1870ல், ஐந்தாவது இல்லம் திறந்த அடுத்த மாதமே மேரி காலமானார். பின்னர் சூசன்னா என்பவரை மணந்தார். நாம் ஓய்வூதியப் புத்தகத்தோடு உட்காரும் வயதைத் தாண்டி, 70ஆவது வயதில் பயணம் கிளம்பினார். 17 ஆண்டுகளில் 42 நாடுகள், இரண்டு லட்சம் மைலுக்கு மேல். போன இடங்களில் தம் இல்லங்களுக்காக உண்டியல் குலுக்கவில்லை. இந்தியாவுக்கும் வந்தார். 1890 ஜனவரியில் ஜபல்பூரில் இருந்தபோது, ஒரே மகள் லிடியா இறந்த செய்தி தந்தியில் வந்தது. அவருக்கு அப்போது வயது 84.

கடைசிக் கணக்கு

1898 மார்ச் 10ஆம் தேதி காலை, 92 வயதில், ஆஷ்லி டவுன் இல்லத்தில் தம் அறையில் இறந்தார். முந்தைய மாலைகூட ஜெபக் கூட்டம் நடத்தியவர். அவர் கை வழியே போன பணம் 13 லட்சம் பவுண்டுக்கும் மேல். அவர் விட்டுச் சென்ற சொத்து 169 பவுண்டு 9 ஷில்லிங் 4 பென்ஸ். அதிலும் நூறு பவுண்டுக்கு மேல் புத்தகமும் மேசை நாற்காலியும்தான்.

ஆண்டறிக்கைகளில் ஒரு நன்கொடையாளர் திரும்பத் திரும்ப வருவார். பெயர் இருக்காது, ஆண்டவரின் ஊழியன் ஒருவன் என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அவர் கொடுத்தவற்றைக் கூட்டினால் 81,490 பவுண்டு. அந்த ஊழியன் முல்லர்தான். சொந்தச் செலவுக்கென்று அன்பர்கள் கொடுத்ததில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். சுற்றுலாப் பணத்தில் நண்பர்களை ஏமாற்றிய அந்த இளைஞனின் கணக்கு இங்கேதான் நேராகிறது.

ஆஷ்லி டவுனின் அந்தக் கல் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. 1958ல் விற்கப்பட்டு, கல்லூரியாகி, இப்போது அவற்றில் சில நம்முடையதைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகள். அங்கேயும் பராமரிப்புக் கட்டணம் இருக்கும், பொதுக்குழு இருக்கும், குழந்தைகளின் சத்தம் பற்றிப் புகாரும் இருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் யாராவது எழுந்து கணக்குக் கேட்டால் பொருளாளர் முகம் சுளிக்க வேண்டாம். கேட்பவரும் குரலை உயர்த்த வேண்டாம். ரசீதைக் காட்டினால் போதும்.